எமில் இன்னும் வரவில்லை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட, நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

ஒரு கத்திரி வெயில் ஞாயிற்றுக்கிழமை. ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியின் முதல் மாடி. தலையில் குரங்குக் குல்லாய், கண்ணில் மகளின் நீச்சல் கண்ணாடி, கழுத்தில் மனைவியின் துப்பட்டா. டேபிள் ஃபேனை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கூரியர்க்காரர் மணியடித்தார். எதையும் கழற்றத் தோன்றாமல் அப்படியே போய்க் கதவைத் திறந்தேன். மனிதர் கையெழுத்துகூட வாங்கவில்லை. பொட்டலத்தைக் கால்மிதியில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாகப் படியிறங்கினார்.

நான் அப்போது பிரான்ஸ் தேசத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன். முதல் உலகப் போர்க் காலத்து விமானம். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, நடுவே கம்பியும் துணியும். மூடி கிடையாது, காற்று முகத்தில் அடிக்கும். அதற்குத்தான் அந்த டேபிள் ஃபேன்.

இந்த ஆட்டத்தில் உங்களுக்கென்று ஒரு விமானி பிறப்பான். பெயர் வைக்கலாம். எந்த நாட்டுப் படை, எந்தத் தளம் என்று சேர்த்துவிடலாம். கூடப் பறக்கிறவர்களைக் கம்ப்யூட்டரே ஓட்டும். ஒரு பறத்தல் முடிந்து உயிரோடு இறங்கினால் அடுத்தது. செத்தால் அவன் கதை அவ்வளவுதான். புதிதாக ஒருவனைப் பெற்றுக்கொள்ள வேண்டும். எத்தனை எதிரியை வீழ்த்தினாய் என்பதைவிட, ஒருவனைப் போர் முடியும்வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய காரியம்.

நான் என் விமானிகளுக்கு மனைவி வீட்டாரின் பெயர்களை வைத்தேன். பாசம்தான், வேறொன்றுமில்லை. பெரிய மச்சான் தரையை விட்டு எழும்பும்போதே மரத்தில் மோதினார். சின்ன மச்சான் எங்கள் படை விமானத்தையே எதிரி என்று நினைத்து அதன் மேல் போய் விழுந்தார். சகலை, துப்பாக்கி ஏன் சிக்கிக்கொண்டது என்று குனிந்து பார்த்தார், நிமிரவே இல்லை. மாமனார் மட்டும் கொஞ்ச நாள் தாங்கினார். அந்தக் காலத்து உடம்பு. செங்கல்பட்டில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இந்த நால்வரும் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கியபோது எனக்கு ரசம் தொண்டையில் இறங்கவில்லை.

இந்தப் பைத்தியத்தில் என்னைச் சேர்த்துவிட்டவர் மேல்மாடி அக்கா. இப்போது அவர் இங்கே இல்லை. அலுவலகம் வேறு ஊருக்கு மாற்றியதும் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். மேலே புதிதாக வந்தவர்கள் சத்தமே போடாத நல்ல மனிதர்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை.

அக்காவுக்கும் எனக்கும் சிறுசேரியில் ஒரே கம்பெனியில்தான் வேலை. நான் மென்பொருள் எழுதுகிற கூட்டம், அவர் அதில் ஓட்டை கண்டுபிடிக்கிற கூட்டம். கம்பெனிப் பேருந்தில் ஒன்றாகப் போய் வந்தோம். என்றாலும் அவரோடு பேசிப் பழகியது ஒரு சண்டையில்தான். ஞாயிறு மத்தியானம் தூங்க முடியாமல் மேலேயிருந்து கடகடவென்று ஒரு சத்தம். ஏறிப் போய்க் கேட்டேன்.

"என்னக்கா இது, ஞாயித்துக்கிழமை கூடவா கிரைண்டர்?"

"கிரைண்டரு இல்லடா, ஏரோப்ளேனு. செருப்பக் கழட்டிட்டு உள்ள வா."

உள்ளே போனால், நைட்டி மேல் ஒரு துண்டு, கையில் ஜாய்ஸ்டிக், காலடியில் ஒரு பலகை. பலகையில் இரண்டு பழைய ரப்பர் செருப்புகள். அவற்றை மிதித்தால் விமானத்தின் வால் திரும்பும். திருவிடந்தையில் கடற்கரை ஓரம் வாரக் கடைசிக்கு அறை வாடகைக்கு விடும் ஒருவர் செய்து கொடுத்தது. இந்த ஆட்டம் ஆடுகிறவர்களின் இணையக் குழுவில் அறிமுகமானவராம். இப்படித்தான் எங்கள் மூவர் படை சேர்ந்தது.

அக்காவின் விமானி பெயர் ஞானசேகரன். பிரெஞ்சுப் படை.

"பிரெஞ்சுப் படையில ஞானசேகரன் எப்படிக்கா?"

"பாண்டிச்சேரிக்காரன்னு வச்சிக்கோ. அப்போ அந்த ஊரு யாரு கையில இருந்துச்சு?"

பிரெஞ்சுக்காரர் கையில்தான். ஞானசேகரனை ஒப்புக்கொண்டேன்.

ஞானசேகரனோடு மூன்று பேர் பறப்பார்கள். மார்செல், லூசியான், எமில். எமில் ஒரு தினுசு. மூன்று பேர் இடதுபக்கம் திரும்பினால் அவன் ஏதோ ஞாபகத்தில் நேரே போவான். சண்டையில் எல்லோரும் கலைந்த பிறகு மார்செலும் லூசியானும் ஒழுங்காகத் தளத்துக்கு வந்துவிடுவார்கள். எமில் கடைசியில், ஒரு பக்கம் சாய்ந்தபடி, புகை விட்டுக்கொண்டு வருவான். அந்தப் போர்முனையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். எதிரிப் பக்கம் போகும்போது தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடும். திரும்பும்போதுதான் முகத்தில் அறைந்து நிறுத்தும்.

அக்கா தளத்துக்கு மேலே வந்துவிடுவார். இறங்க மாட்டார். மாடு செக்கைச் சுற்றுவது மாதிரி சுற்றிக்கொண்டே இருப்பார். எல்லோரும் தரையிறங்கிய பிறகுதான் ஞானசேகரன் இறங்குவான். பல நேரம் பெட்ரோல் தீர்ந்து, இன்ஜின் நின்று, சத்தமே இல்லாமல் வந்து தரையில் உட்காருவான். துரத்தினால் விழக்கூடிய எதிரிகளை எல்லாம், "வுடு, அவன் வூட்டுக்குத்தான் போறான்" என்று விட்டுவிட்டதால் ஞானசேகரனுக்குப் பதக்கம் பெரிதாக இல்லை. ஆனால் சாகவில்லை. என் உறவினர்கள் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்த காலத்தில், அவன் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

கம்ப்யூட்டர் ஓட்டும் ஒரு பொம்மைக்காக ஏன் இப்படிப் பெட்ரோலை எரிக்கிறார்? இந்தக் கேள்வி எனக்குக் காதில் புகுந்த எறும்பாகிவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், பேருந்திலும் இதுதான் நடக்கிறது. சிறுசேரியில் சாயங்காலம் முன் இருக்கையில் உட்கார்ந்து, உடம்பை மொத்தமாகப் பின்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தலையாகப் பார்ப்பார். பிறகு, "போலாம் அண்ணாத்த" என்பார். அதற்கப்புறம்தான் ஓட்டுநர் கியரைத் தொடுவார். அக்காவை யாரும் அந்த வேலைக்கு நியமிக்கவில்லை. அதை எடுத்துச் சொல்லவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஒருமுறை அலுவலகத்தில் எல்லோரையும் மாமல்லபுரம் கூட்டிப்போனார்கள். கோயில், பாறை, ஐஸ்கிரீம், கூட்டமாகப் படம் என்று எல்லாம் முடிந்து, திரும்ப வேண்டிய நேரத்தில் நான் கடற்கரையில் ஒரு தள்ளுவண்டிக்கு முன்னால் இருந்தேன். வஞ்சிரத்தில் மிளகாய் தடவி அந்தம்மா தோசைக்கல்லில் போட்ட சத்தம் கேட்டதும் என் காதில் வேறெதுவும் விழவில்லை. கைபேசி அலறியது உட்பட. ஒரு துண்டு முடிந்ததும் இன்னொன்று சொன்னேன். அதைத் திருப்பிப் போடும்வரை நின்றேன். ஆற அமரத் தின்றுவிட்டு வந்தால், பேருந்து முழுக்க முறைப்பு. ஏசி ஓடவில்லை. பின் சீட்டில் ஒருத்தர், "அவன் பஸ் புடிச்சி வருவான், எடுங்க சார்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அக்கா வாசல் படியிலேயே ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தார். கதவை மூட முடியாது, வண்டி எப்படி நகரும்?

நான் பல்லில் சிக்கிய முள்ளை நாக்கால் துழாவிக்கொண்டே ஏறினேன். திட்டுவார் என்று முதுகை விறைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"வந்துட்டான். எடு அண்ணாத்த."

அவ்வளவுதான். நான் போய் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். கேளம்பாக்கம் தாண்டியது தெரியாது.

இதற்குப் பின்னால் ஏதோ பெரிய சோகம் இருக்கும் என்று நான் தோண்ட ஆரம்பித்தேன். கதை கேட்டு வளர்ந்த புத்தி அப்படித்தான் போகும்.

"அக்கா, சின்ன வயசுல திருவிழாக் கூட்டத்துல யாராவது உங்கள விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல."

"நீங்க யாரையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"தொலஞ்சதும் இல்ல, கெடச்சதும் இல்ல. நாஸ்தா துன்னியா நீ?"

அவருடைய வீட்டுக்காரரைப் பிடித்தேன். கல்பாக்கத்தில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, அடுப்படியைக் கைப்பற்றியிருந்த மனிதர். கரண்டியோடுதான் பேசுவார்.

"கல்யாணத்தன்னிக்கே இப்டித்தான் சார். கடைசிப் பந்தி துன்னு முடிக்கிற வரிக்கும் மண்டபத்த வுட்டு வர மாட்டேன்னுச்சு. நான் மாலையும் கழுத்துமா ஒக்காந்துகினு இருந்தேன். அப்போ புரியல. இன்னிக்கும் புரியல. பழகிப் போச்சு."

இப்போது எங்கள் படையின் சட்டதிட்டத்துக்கு வருகிறேன். விமானி செத்தால் செத்ததுதான். மறுபடி முதலிலிருந்து அதே ஆளை எழுப்பக் கூடாது. அடுத்த ஞாயிறு, செத்தவனின் சொந்தக்காரர் மற்ற இருவருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். கருமாதி போண்டா என்று பெயர். ரயில் நிலையத்துப் பக்கம் டீக்கடைக்காரர் என் தலையைக் கண்டதும், "இந்த வாரம் யாரு சார்?" என்று துக்கம் விசாரிக்கும் அளவுக்கு நான் வாடிக்கையாளன்.

தொடர்ந்து போண்டா வாங்கியவனுக்கு ஒரு யோசனை உதித்தது. வாலில் எதிரி ஒட்டிக்கொண்டு, இனி பிழைக்க வழியில்லை என்று தெரிந்ததும், சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிவிடுவேன். திரை அணைந்துவிடும். பறத்தல் கணக்கில் சேராது. மறுபடி போட்டால் மாமனார் முழுசாக, சிரித்த முகமாகத் தளத்தில் இருப்பார். "கரண்டு போயிடுச்சு" என்று குழுவில் ஒரு அழுகிற முகத்தோடு போட்டுவிடுவேன். மாமனார் கொஞ்ச நாள் தாங்கினார் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் காலத்து உடம்பு இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போட்டேன். மேல்மாடியிலிருந்து பால்கனி வழியாகவே குரல் வந்தது.

"டேய்! எங்க வூட்ல ஃபேனு ஓடிக்கினு கீதே. உங்க வூட்டுக்கு மட்டும் தனி ட்ரான்ஸ்பார்மரா?"

என் தலைக்கு மேல் குடியிருப்பவரிடம், ஒரே கம்பத்திலிருந்து மின்சாரம் வாங்கிக்கொண்டு, இப்படி ஒரு பொய் சொன்னவன் நானாகத்தான் இருப்பேன். அந்த வாரமே திருவிடந்தைக்காரரையும் வரவழைத்து அக்கா தீர்ப்புச் சொன்னார்.

"இனிமே, வானத்துல இருக்கும்போது கரண்டு போயி ஸ்க்ரீனு அணைஞ்சிச்சின்னா பைலட்டு செத்தான். எவன் வூட்டுப் பைலட்டா இருந்தாலும் சரி."

திருவிடந்தைக்காரர் பதறினார். "அக்கா, இன்னா அக்கா பேஜாரு பண்றீங்க? எங்க ஊர்ல காக்கா ஒக்காந்தாலே லைனு பூடுது."

"அப்போ காக்கா சுட்டுச்சின்னு நெனச்சிக்கோ."

மாமனார் அன்றே காலமானார். போண்டா நான்தான்.

அக்காவிடம் ஒரு யுபிஎஸ் பெட்டி இருந்தது. மின்சாரம் போனால் அது பீப் பீப் என்று கத்தும். பேட்டரி கிழடு. கத்த ஆரம்பித்தால் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு வயல்காட்டில் ஞானசேகரனை இறக்கிவிடுவார். பீட்ரூட் வயல், மாட்டுக் கொட்டகைக்குப் பின்புறம், ஒருமுறை ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள். ஆனாலும் இறங்கிவிடுவார். தொலைவில் எங்கேயோ நடுவழியில் இருக்கும்போது அப்படி; தளத்துக்கு மேலே சுற்றும்போது அதுவரை மின்சாரம் போனதில்லை.

இப்படியே ஞானசேகரன் போரின் கடைசி நாளுக்கு வந்து சேர்ந்தான். இன்னும் ஒரே ஒரு பறத்தல். போய்விட்டு வந்து இறங்கினால், மறுநாள் சமாதானம். இணையக் குழுவில் இருக்கும் பழம் தின்று கொட்டை போட்ட ஆட்களிலேயே ஒரு சிலர்தான் அந்த இடத்தைத் தொட்டிருக்கிறார்கள். அக்கா எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். ஆனால் அந்த வாரம் பேருந்தில் தலைகளைப் பார்க்கும்போது இரண்டு முறை கணக்குத் தவறினார். "கடைசி ஒண்ணு, பாக்க வாங்க ரெண்டு பேரும்" என்று அவரே கூப்பிட்டார்.

ஐப்பசி ஞாயிறு, மத்தியானம். வெளியே மழை ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. திருவிடந்தைக்காரர் நனைந்த ரெயின்கோட்டோடு வந்து, வந்ததும் வராததுமாக விளக்கைப் பார்த்தார்.

"லைட்டு கண்ணடிச்சிக்கினு கீது அக்கா. அடுத்த வாரம் வச்சிக்கலாம்."

"சண்டையில மழைன்னா லீவா வுட்டாங்க?"

உண்மையில் அந்தக் காலத்தில் மழை பெய்தால் லீவுதான் விட்டார்கள். சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அடுப்படியில் எண்ணெய் சத்தம். வீட்டுக்காரர் வெற்றிக்குப் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்.

ஞானசேகரனும் மற்ற மூவரும் கிளம்பினார்கள். பிரான்சில் நல்ல வெயில். போர்முனைக்கு மேலே ஒரு கைகலப்பு. யாரும் விழவில்லை, எல்லோரும் கலைந்தார்கள். அக்கா மூக்கைத் தாழ்த்தி, எதிர்காற்றில் உருட்டி உருட்டித் தளத்துக்கு ஓட்டி வந்தார். மார்செல் இறங்கினான். லூசியான் துள்ளித் துள்ளி இறங்கினான். ஞானசேகரனுக்குக் கீழே தரை, பச்சையாக, காலியாக, விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடந்தது.

டப்பென்று ஃபேன் நின்றது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

"எறக்குங்கக்கா!" என்று நானும் திருவிடந்தைக்காரரும் ஒரே குரலில் கத்தினோம்.

அக்கா தலையைத் திருப்பிக் கிழக்கே பார்த்தார். "எமிலு வரல."

"போர் முடிஞ்சிடும்க்கா, எறங்கினா போதும்!"

"வருவான்."

"அக்கா, அது கம்ப்யூட்டரு!"

"தெரியும். நானு டெஸ்டிங்லதான கீறேன்."

ஒரு சுற்று. பெட்டி கத்துகிறது. இன்னொரு சுற்று. திருவிடந்தைக்காரர் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சூட்டைக் கொடுத்தால் பேட்டரி நீடிக்கும் என்று எங்கோ படித்தாராம். நான் ஜன்னலுக்கு ஓடி மின்கம்பத்தைப் பார்த்து, "வந்துடு வந்துடு" என்றேன். கம்பத்திடம் சொன்னேனா எமிலிடம் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. ஏனென்றால் திரும்பிப் பார்த்தபோது, திரையின் ஓரத்தில், மேகத்துக்குக் கீழே, கொசு மாதிரி ஒரு புள்ளி. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. புகை.

"அதோ!" என்றார் அக்கா.

திரை அணைந்தது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அக்காவின் கால்கள் இன்னும் அந்த ரப்பர் செருப்புகளின் மேலேயே இருந்தன. வீட்டுக்காரர் தட்டோடு மழை இருட்டில் தடவிக்கொண்டு வந்தார். "முடிஞ்சிச்சா சண்ட? சட்னி இன்னும் அரைக்கல, மிக்ஸி ஓடல" என்றார். அவர் தட்டை வைத்துவிட்டு, போண்டாவுக்கு வந்த கேடு என்ன என்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. அக்கா கம்ப்யூட்டரைப் போட்டார். பறத்தல் பதிவாகவில்லை. ஞானசேகரன் தளத்தில் சுகமாக இருந்தான். கடைசிப் பறத்தல் பாக்கி என்று காட்டியது.

திருவிடந்தைக்காரர் குதித்தார். "அக்கா! கம்ப்யூட்டரே உசுரோட கீறான்னு சொல்லுது!"

"அதுக்கு இன்னா தெரியும்? அது தூங்கிக்கினு இருந்துச்சு."

"அந்த ரூலே எனக்காகப் போட்டதுதானக்கா. நான் திருட்டுப் பய. நீங்க ஏன்..." என்றேன் நான்.

அவர் காதில் வாங்கவில்லை. படையின் பெயர்ப் பட்டியலைத் திறந்து விரலை வைத்தார். மார்செல். லூசியான். எமில். எல்லோரும் இருந்தார்கள். பேருந்தில் தலை பார்க்கிற அதே பார்வை. அந்த ஆட்டத்தில் ஒரு விமானியை நாமே இறந்தவர்களோடு சேர்க்க ஒரு பொத்தான் உண்டு. ஞானசேகரன் பெயரில் அதை அழுத்தினார். நிச்சயமா என்று திரை கேட்டது. அதையும் அழுத்தினார். மறுநாள் சமாதானத்தை எமில் பார்த்திருப்பான்.

"துன்னுங்க, ஆறிடப் போவுது" என்று தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். வெற்றிப் போண்டா கருமாதிப் போண்டா ஆனது. சட்னி இல்லாமல் தின்றோம். முதல் முறையாக அது என் காசு இல்லை.

திருவிடந்தைக்காரர் கிளம்பிப் போன பிறகு, அக்கா மாடிப்படி வரை என்னோடு வந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"ஒரே நிமிஷம்க்கா. எறங்கியிருந்தா முடிஞ்சிருக்கும். அவன் வந்து எறங்கியிருந்தாலும், நீங்க நின்னதுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லியிருப்பானா அந்த எமிலு?"

அக்கா கதவைப் பாதி சாத்தினார்.

"மாபலிபுரத்துல நீ மட்டும் சொன்னியாடா?"